வெள்ளைக் கோட்டின் மேல் வந்தவர்கள்

பிரேக் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பேருந்துக்கு ஒரு கை தூரத்தில் என் மகள் நின்றிருந்தாள். மஞ்சள் பாவாடை, தலையில் பால்குடம். பால் சிந்தவில்லை.

நான் நகராட்சிப் பொறியாளர். திருத்தணி மலையடிவாரத்துக்குப் போகும் அந்தச் சாலையைத் திருத்தி அமைக்கும் வேலை என் மேற்பார்வையில் நடந்தது. அகலமான நடைபாதை, அதை ஒட்டி சைக்கிள் தடம், அதற்கப்பால் பஸ் போகும் பாதை. தடத்தையும் பாதையையும் பிரிப்பது ஒரு வெள்ளைக் கோடு. வேலை முடிந்தபின் வந்த முதல் ஆடிக் கிருத்திகை அது. எனக்கு டியூட்டி என்பதால் மகள் அத்தையோடு வந்திருந்தாள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா, அம்மாம் பெரிய பிளாட்பாரம் போட்டுக்கீறாங்க. நீ கோட்டு மேல வந்துகினு இருக்கியே?"

"அங்க கால் வைக்க முடில அண்ணா, சுடுது. கோடுதான் சூடு கம்மியா இருக்கு."

அவளுக்குப் பின்னால் காவடிக்காரர்களும் அந்தக் கோட்டைப் பிடித்தே வரிசையாக வந்தார்கள். நடைபாதை வெறிச்சோடிக் கிடந்தது. கருஞ்சாம்பல் நிற பேவர் பிளாக் கற்கள். செருப்பைக் கழற்றிக் கால் வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன்.

மேஸ்திரி முனிரத்தினம் பக்கத்தில் வந்து நின்றார். "பூட்ஸ் போட்டுகினே செக் பண்ணிட்டோம் மேடம். போன வருசம் நானே காவடி எடுத்தவன். எனக்கே தோணல பாருங்க."

"இப்ப என்ன செய்யலாம் முனிரத்தினம்?"

"கியூரிங் கோணி குடோன்ல கீது."

கான்கிரீட் காயாமலிருக்க நனைத்துப் போர்த்தும் கோணிகள் அவை. ஆட்கள் தூக்கிவந்து நடைபாதை நெடுக விரித்தார்கள். தண்ணீர் லாரி பின்னாலேயே நனைத்துக்கொண்டு போனது. முதலில் மகள் கால் வைத்தாள். காவடிகள் ஒவ்வொன்றாகக் கோட்டை விட்டு மேலே ஏறின.

திருவிழா முடிந்த பிறகு நடைபாதை நெடுக வெயில் சூட்டைப் பிடிக்காத வெள்ளைப் பூச்சு அடித்தோம். இப்போது எந்த நடைபாதையையும் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடந்து பார்த்தபின்தான் ஒப்புக்கொள்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளையும் நடக்கச் சொல்கிறேன்.

அன்று நானும் செருப்பை லாரியில் போட்டுவிட்டு, ஈரக் கோணியில் அவள் பின்னாலேயே போனேன். என் கை அவள் முதுகை விட்டு நகரவில்லை.

"அம்மா, கைய எடு. குடம் ஆடுது."

எடுத்தேன். மலைப் படிக்கட்டு வரும்வரை அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.