பூமாரி கிதாரோடு பாடிய மத்தியானம்

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த பூமாரி பாட ஆரம்பித்தால், எடை போடுகிற ஆள்கூட ஒரு நிமிஷம் கையை நிறுத்துவார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பதினாறு வருஷமாக அவளுடைய தெம்மாங்குதான். புருஷன் மொக்கையன் உடுக்கை அடிப்பான். வேறு வாத்தியம் கிடையாது.

1976இல் அவள் புத்தி வேறு பக்கம் திரும்பியது. தேயிலை ஃபேக்டரி மெக்கானிக் சுவக்கீன், மாதா கோயில் பாட்டுக் குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் நின்று கேட்டவள், தன் பாட்டை மெல்ல எடுத்தாள். அவர் கூடவே வாசித்தார். குரல் தானாக ஏறியது. இந்தத் திருவிழாவுக்குக் கிதாரும் டிரம்மும் போதும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"அப்ப நான்?" என்றான் மொக்கையன்.

"நீங்க முன்னால உக்காந்து கேளுங்க. ஒரு வருசமாவது என் பாட்ட முழுசாக் கேக்கலாம்ல."

திருவிழா மத்தியானம் ஆபீஸ் கிளார்க் ஈஸ்வரமூர்த்தி தன் டேப் ரிக்கார்டரை மேடை ஓரத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். கிதார் அதிர்ந்ததும் கூட்டத்தில் கூச்சல் கிளம்பியது.

"இது அம்மன் கோயிலா, தொரைமார் கிளப்பா?" என்று கத்தினார் பெரியமுத்து கங்காணி. பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். மொக்கையன் எழுந்து போவது பூமாரியின் கண்ணில் பட்டது. ஆனாலும் மைக்கை விடவில்லை.

"பெரியமுத்தண்ணே, ஏசுறதத் தாளத்தோட ஏசுங்க. பாட்டு கெடுதுல்ல."

சிரிப்பு எழுந்தது. பாதிப் பேர் கலைந்தார்கள். மீதிப் பேருக்கு ஐந்து பாட்டும் பாடி முடித்தாள்.

அடுத்த வாரமே அந்த டேப் டீக்கடைக்கு வந்துவிட்டது. பாட்டைவிட ஏச்சைக் கேட்கத்தான் கூட்டம். பெரியமுத்துவே, வண்டன்மேட்டிலிருந்து வந்த மச்சினனுக்குத் தன் குரலைப் போட்டுக் காட்டச் சொன்னார். மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசாத மொக்கையனும் ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டு வந்தான்.

"மூணாவது பாட்டுல தாளம் நழுவுது. ஒனக்கு மூச்சு எங்க நிக்கும்னு அந்த டிரம்முக்காரனுக்குத் தெரியல."

"ஒங்களுக்குத் தெரியுமாக்கும்."

"பதினாறு வருசமா வேற என்னத்தப் பாத்தேன்?"

"அப்ப அத சுவக்கீன் அண்ணன்கிட்ட வந்து சொல்லுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை உடுக்கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். கிதார் சத்தத்தில் உடுக்கை கேட்கவில்லை என்று சண்டை பிடித்தான். சுவக்கீன் ஒரு மைக்கை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறு வருஷம் பெரியமுத்துவின் மச்சினன் சொல்லி இவர்களை வண்டன்மேட்டுத் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஏச்சு வாங்கியவன் மொக்கையன். கிதாருக்கு நடுவே உடுக்கை எதற்கு என்று இளவட்டங்கள் கத்தினார்கள். அவன் பூமாரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னும் ஓங்கி அடித்தான்.