மேசைக்கு அடியில் இருபது நிமிடம்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் நான் எலக்ட்ரீஷியன். ஆள் உயரப் பேனலைத் திறந்தால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கேண்டீனில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வதும் உண்டு. அதனால்தான் வீட்டு கம்ப்யூட்டருக்கு இன்னொரு மானிட்டர் வேண்டும் என்று என் மனைவி சொன்னபோது, அதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துவிட்டேன்.

அவள் காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தவள். எங்கள் ஊர் எளாவூரிலிருந்து பஸ் மாறி பஸ் மாறிப் போய் வந்ததில் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனி பஸ் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். இரண்டு வருடமாக வீட்டோடு இருந்தாள். “ஊட்லயே கெடந்து கெடந்து, எனக்கு ஒரு வேலை தெரியும்ன்றதே மறந்துடும் போலக்குது” என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

பிறகு அவளே தேடிப் பிடித்தாள். ஆஸ்பத்திரிப் படிவங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு திரையில் படிவம், இன்னொரு திரையில் ஏற்றவேண்டிய பக்கம். ஆகவே இரண்டு மானிட்டர் கட்டாயம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அவர்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பது நிமிடத் தேர்வு.

“மானிட்டர் தானே? உடு, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

பஜாரில் பழைய மானிட்டர் ஒன்று கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அதன் ஒயர் முனை அகலமாக, நீல நிறத்தில் இருந்தது. சிபியுவின் முதுகில் அந்த மாதிரி ஒரே ஒரு வாய்தான் உண்டு. அதில் ஏற்கெனவே வீட்டில் இருந்த மானிட்டர் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு ஹெச்டிஎம்ஐ வாய் காலியாக இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கக் கன்வர்ட்டர் வாங்கப் போனேன். வாங்கி வந்ததிலும் ஓட்டை, சிபியுவிலும் ஓட்டை. மறுபடி போனேன்.

“இன்னாண்ணா, எலக்ட்ரீஷியன்றே, மேலு ஃபீமேலு பாத்து வாங்க மாட்டியா?” என்றான் கடைக்காரன். நாலு பேர் சிரித்தார்கள்.

ஒருவழியாக மாட்டியதும் இரண்டு திரையிலும் ஒரே படம் வந்தது. அதைத் தனித்தனியாகப் பிரிக்கிற வழியை அவள்தான் ஏதோ வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் மவுஸை வலது பக்கம் தள்ளினால் அம்பு இடது பக்க மானிட்டரில் போய் நின்றது. செட்டிங் எங்கே என்று தேடப் பொறுமையில்லாமல் நான் இரண்டு மானிட்டரையும் தூக்கி இடம் மாற்றி வைத்தேன். அவள் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் கன்வர்ட்டர் லூஸ். எங்கள் வீடு கொல்கத்தா ரோட்டை ஒட்டி இருக்கிறது. செக்போஸ்ட் தாண்டி லாரி கியர் மாற்றி வேகம் எடுத்தால் மேசை அதிரும். அதிர்ந்தால் இரண்டாவது திரை கறுத்து, ‘நோ சிக்னல்’ என்று வரும். ஆலையாக இருந்தால் ஒரு ஸ்க்ரூவைத் திருகியிருப்பேன். இதில் ஸ்க்ரூவே இல்லை. டேப் சுற்றினேன், தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகினேன், ரப்பர் பேண்ட் போட்டேன். வியாழக்கிழமை எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரை போய்விட்டது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மேசைக்கு அடியில் நுழைந்து கன்வர்ட்டரைக் கட்டை விரலால் அழுத்தினேன். திரை வந்தது. விரலை எடுத்தேன், போனது.

“இப்டியே புட்ச்சிக்கினு குந்திக்கிறேன். நீ எழுது.”

“ரூம்ல தனியா இருக்கணும்னு சொல்லிக்கிறாங்கய்யா.”

“நான் இன்னா வாயத் தொறக்கப் போறேனா?”

அவளுக்கு மனசில்லை. ஆனால் மணி ஆகிவிட்டது.

தேர்வு ஆரம்பித்தது. என் தலைக்கு மேலே கீபோர்டு சத்தம் சடசடவென்று விழுந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு வேகமா என்று பெருமையாக இருந்தது. கை மரத்துப்போனாலும் விரலை எடுக்கவில்லை. லாரி போகும்போதெல்லாம் திரை சிமிட்டும்போல. ஒவ்வொரு தடவையும் அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். இருபது நிமிடம் போயிருக்கும்.

“மேடம், நீங்க அடிக்கடி கீழ பாக்கறீங்க. ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?” என்றது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

கீபோர்டு சத்தம் நின்றது.

“கேமராவைக் கையில எடுத்து ரூமைச் சுத்திக் காட்டுங்க.”

கேமரா சுவரைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, மெதுவாகக் கீழே இறங்கி என்னைப் பார்த்தது. மடித்துக் கட்டிய லுங்கி, நனைந்த பனியன், சிபியுவின் முதுகில் ஒரு விரல். விட்டால் திரை போய்விடும், பேசினால் வேலையே போய்விடும். என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

“யாரு மேடம் அது?”

“எலக்ட்ரீஷியன் மேடம். ஒயர் லூசா இருக்குன்னு பார்க்க வந்தாரு.”

“அப்புறமா வரச் சொல்லுங்க. உங்களுக்கு டைம் ஓடுது.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். “அண்ணா, நீங்க அப்புறம் வாங்கண்ணா” என்றாள்.

விரலை எடுத்துவிட்டு எழுந்து வெளியே வந்தேன். வேறொரு நாளாக இருந்தால் அந்த அண்ணாவைச் சொல்லிச் சொல்லியே அவளை ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். அன்றைக்குச் சிரிப்பே வரவில்லை. உள்ளே இரண்டாவது திரை கறுத்திருக்கும், மற்ற ஒன்றை வைத்துக்கொண்டு படிவத்தையும் பக்கத்தையும் மாற்றி மாற்றித் திறந்து அல்லாடிக்கொண்டிருப்பாள் என்று தெரியும். தெரிந்து என்ன? ரோட்டோரம் நின்று, வந்த லாரிகளைப் பார்த்து மெதுவாகப் போ என்று கை காட்டினேன். ஒரு டிரைவர், யாரோ தெரிந்தவன் போலிருக்கிறது என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மெயில் வந்தது. எழுதியவரைக்கும் பிழையே இல்லையாம். ஆனால் பாதிக்கு மேல் முடிக்கவில்லை, வீட்டு வசதியும் போதாது என்று போட்டிருந்தார்கள். நின்றபடியே எனக்கு வாசித்துக் காட்டினாள்.

“வேற நல்ல கன்வர்ட்டரா வாங்கினு வரேன். இன்னொரு எடத்துல போட்டுப் பாரு” என்றேன்.

“அடுத்த தபா நானே மாட்டிக்கிறேன். அன்னிக்கு நீ டூட்டிக்குப் போயிடு, இன்னா?”

சரி என்றேன். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்கு நன்றாகவே வரும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரி அல்லவா சொன்னாள்.