ஒரே ஒரு பாட்டுக்கு ஒரு பிளேயர்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வல்லம் கிராமத்துச் சர்ச் ஒன்றில், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருந்த ஒரு நொடியில், நான் வாயைத் திறந்து ஒன்று சொல்லித் தொலைத்தேன்.

என்ன சொன்னேன்? இருங்கள், வருகிறேன். அதற்கு முன்னால் அந்த மானக்கேட்டுக்குக் காரணமான பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பாட்டு கேட்கிற பிளேயர்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கணக்கு பார்க்கிறவன். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால்கூட என்னைத் தொடவிட மாட்டார்கள். ஆனால் கம்பெனி பஸ்ஸில் நான்தான் எலெக்ட்ரானிக்ஸ் மேதை. “எந்த மாடல் சார் வாங்கலாம்?” என்று யாராவது கேட்டால் போதும்... ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை நிறுத்த மாட்டேன்.

அப்படித்தான் மழைக்காலம் தொடங்குகிற சமயம், தன்ராஜ் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். அசெம்பிளி லைனில் நட்டு முடுக்குகிற வேலை. வல்லத்தில் சொந்த வீடு, இரண்டு குழந்தைகள். அதிகம் பேசாத மனுஷன்.

“சார், பாட்டு கேக்கற மெஷின் ஒண்ணு வாங்கணும். நீங்க கூட வாங்க சார்.”

“வாங்கிடலாம். எத்தனை பாட்டு கொள்ளணும்?”

“ஒண்ணு சார்.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். விளையாடுகிற முகம் இல்லை.

“முழுப் பாட்டுகூட வாணாம் சார். அதுல என் பார்ட்டு மட்டும் இருந்தா போதும்.”

பிறகுதான் விஷயம் வந்தது. தன்ராஜ் அவர்கள் ஊர்ச் சர்ச்சில் பாடகர் குழுவில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு ஒரு பெரிய பாட்டை நாலு குரலில் பாடுவார்கள். எல்லாருக்கும் கீழே தரையோடு தரையாக ஒலிக்கிற அடிக்குரல் இவருடையது. பேஸ் என்பார்கள். முன்பு பேஸ் பாட மூன்று பேர் இருந்தார்களாம். ஒருவர் துபாய் போய்விட்டார். இன்னொருவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். மிச்சம் இவர்தான். பிராக்டிஸ் தினமும் ஆறு மணிக்கு. ஓவர்டைம் முடிந்து இவர் ஊர் வந்து சேருகிறபோது அங்கே கதவைச் சாத்தியிருப்பார்கள்.

பாட்டு மாஸ்டர் கறாரான ஆள். பிராக்டிஸுக்கு வராதவன் பாடக் கூடாது என்பது அவர் சட்டம். கெஞ்சியதில் ஒரு சலுகை: டிசம்பர் முதல் சனிக்கிழமை வந்து தப்பில்லாமல் பாடிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் இந்த வருஷம் பேஸ் இல்லாமலே பாட்டு.

“அப்படி என்ன தன்ராஜ், ஒரு வருஷம் விட்டாத்தான் என்ன?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“லைன்ல நான் நிக்கலன்னா இன்னொருத்தன் வந்து நிப்பான் சார். அங்க நான் நிக்கலன்னா அந்தக் கொரலே காலி சார்.”

கடைக்குப் போனோம்.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் பிளேயர் விற்கிற கடைக்காரர்களுக்கு ஒரே பாஷைதான் தெரியும். எத்தனை ஜிபி, எத்தனை பாட்டு, ஸ்கிரீன் எத்தனை இஞ்ச். “சினிமாவே பாக்கலாம் சார், போட்டோ பாக்கலாம், எஃப்எம் கீது” என்று ஒரு கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேல் பரப்பினார். வீடியோ தெரிகிற பெரிய பிளேயர் ஒன்று பளபளவென்று என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். யாருக்கு வாங்க வந்தோம் என்பது கொஞ்ச நேரம் மறந்தே போய்விட்டது.

தன்ராஜ் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி கேட்டார். “நான் தப்பு பண்ற எடம் மட்டும் திரும்பத் திரும்ப வருமா?”

“ரிப்பீட் கீதுண்ணா. பாட்டு முடிஞ்சா முதல்லருந்து வரும்.”

“முதல்லருந்து வாணாம்பா. அந்த எடம் மட்டும்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேதை அல்லவா? மூலையில் கிடந்த ஒரு குட்டிப் பிளேயரை எடுத்து மெனுவைக் குடைந்தேன். ‘ஏ-பி’ என்று ஒன்று இருந்தது. வேண்டிய இடம் தொடங்கும்போது ஒரு அழுத்து, முடியும்போது ஒரு அழுத்து. அவ்வளவுதான் — அந்தத் துண்டு மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. குரல் பதிகிற மைக்கும் இருந்தது. தன்ராஜ் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, நானே அதைக் கண்டுபிடித்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

(அந்த வீடியோ பிளேயரை நான் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஒரு படம் பார்த்தேன். கிளைமாக்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னால் சார்ஜ் போய்விட்டது. இப்போது அது பீரோவில் தூங்குகிறது.)

மாஸ்டர் பெரிய மனசு பண்ணி பேஸை மட்டும் பாடிப் பதிந்து கொடுத்தார். ஒரே தடவைதான் பாடுவேன் என்று நிபந்தனை. நடுவில் எல்லாக் குரலும் நாலு எண்ணிக்கைக்குச் சும்மா நிற்கிற இடம் ஒன்று உண்டு. அந்த இடைவெளியில் மாஸ்டருக்குத் தலைக்கு மேலே ஓடிய ஃபேன் சத்தம் பொறுக்கவில்லை. “டேய், அந்த ஃபேனை நிறுத்துங்கடா” என்று யாரையோ அதட்டிவிட்டு, அடுத்த வரியைத் தாளம் தப்பாமல் பிடித்திருக்கிறார். அதுவும் பதிவாகிவிட்டது.

இனிமேல்தான் வேடிக்கை. மெமரி உள்ள எந்தச் சாமானையும் எங்கள் கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விட மாட்டார்கள். அதனால் தன்ராஜ் தினமும் பிளேயரை பஸ் டிரைவர் சேகரிடம் கொடுத்துவிட்டுப் போவார். சேகர் பகல் பூராவும் பஸ்ஸிலேயே கிடக்கிற ஆள். சும்மா இருப்பாரா? ஒரு ஒயர் வாங்கி அதை பஸ் செட்டில் மாட்டிவிட்டார். அன்று சாயங்காலம் நாங்கள் ஏறியபோது ஸ்பீக்கரில் மாஸ்டர் முழங்கிக்கொண்டிருந்தார்.

“இன்னாபா பாட்டு இது? தலையும் இல்ல, வாலும் இல்ல,” என்றார் சேகர்.

கோவில்பட்டிக்காரர் முத்துப்பாண்டி, பெயின்ட் ஷாப்பில் இருக்கிறவர், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். “ராகத்தையே காணோமே அண்ணாச்சி. யாரோ கெணத்துக்குள்ள இருந்து கூப்பிடுத மாதில்லா இருக்கு.”

அப்போது அந்த இடம் வந்தது. ‘டேய், அந்த ஃபேனை நிறுத்துங்கடா.’ பஸ்ஸே சிரித்தது. தன்ராஜ் கூச்சத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளும் போடச் சொன்னார்கள். அதற்கு மறுநாளும். ஒரகடம் சந்திப்பில் டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கிற நேரத்துக்கு வேறு என்ன வேலை? முதலில் ஃபேன் வசனத்துக்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து கத்தினோம். பிறகு வசனத்துக்கு முந்தைய வரி தொற்றியது. பிறகு பிந்தைய வரி. தன்ராஜ் தடுமாறுகிற இடத்தை ஏ-பியில் போட்டுச் சுற்றவிட்டால், அவரோடு சேர்ந்து மொத்த பஸ்ஸும் தடுமாறி, மொத்த பஸ்ஸும் தேறியது. டிசம்பர் முதல் சனிக்கிழமை தன்ராஜ் பாடிக் காட்டினார். மாஸ்டர், “ம்” என்றாராம். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அவசர டெஸ்பாட்ச், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு எல்லாருக்கும் வேலை. பஸ் கிளம்புவது ஆறு மணிக்கு. சர்ச்சில் ஆராதனை தொடங்குவதும் ஆறு மணிக்கு. தன்ராஜ் சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. மாஸ்டருக்கு போன் போட்டார். “அது கடைசிப் பாட்டு. அதுக்குள்ள வந்தா பாடு,” என்று வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸில் யாரும் பாட்டு போடச் சொல்லவில்லை. சேகர் வழக்கமான டீக்கடையில் நிறுத்தவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “கவலப்படாத தன்ராசு, உன்ன எறக்கி உட்டுட்டுத்தான் மறுவேலை,” என்றார்.

சர்ச் வாசலில் பஸ் நின்றதும் தன்ராஜ் யூனிஃபார்மோடு ஓடினார். நாங்களும் இறங்கினோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு மாதமாகப் பாதிப் பாட்டையே கேட்டிருக்கிறோம்... மீதிப் பாதியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

உள்ளே அப்படி ஒரு கூட்டம். தன்ராஜால் முன்னால் இருக்கிற குழு வரைக்கும் போக முடியவில்லை. கடைசிப் பாட்டுக்கு மாஸ்டர் கையை உயர்த்திவிட்டார். பாட்டு எழுந்தது. தன்ராஜ் எங்களோடு கடைசியில் நின்றபடியே, தன் இடத்தில் தொடங்கினார். கூட்டத்துக்குப் பின்னால் ஒற்றைக் குரல். எவ்வளவு தூரம் போகும்? அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

பக்கத்தில் முத்துப்பாண்டி மெல்லச் சேர்ந்தார். அடுத்து சேகர். அப்புறம் பஸ் மொத்தமும்.

எங்கள் ‘ராகமே இல்லாத’ பாட்டின் மேல் ராகம் வந்து உட்கார்ந்ததை அப்போதுதான் கேட்டேன். இதற்குத்தானா இது, என்று இருந்தது. சொன்னால் என்ன, கண் கலங்கிவிட்டது. முன்னாலிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். கை மட்டும் தாளம் தப்பவில்லை.

அப்போது அந்த நாலு எண்ணிக்கை இடைவெளி வந்தது. குழு நிறுத்தியது. ஊரே மூச்சைப் பிடித்தது.

“டேய், அந்த ஃபேனை நிறுத்துங்கடா.”

பழக்கதோஷம். பஸ் மொத்தமும் சொன்னது. சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒரு நொடிகூட முன்பின் ஆகவில்லை. சுவிட்ச் போர்டு பக்கம் நின்றிருந்தவர் பயந்துபோய் எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டார். பாட்டு மட்டும் நிற்கவில்லை. அடுத்த வரியை எல்லாரையும் முந்திக்கொண்டு பிடித்தவர் தன்ராஜ்தான்.

ஆராதனை முடிந்ததும் மாஸ்டர் நேராக எங்களிடம் வந்தார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். தன்ராஜின் தோளில் கை போட்டுக்கொண்டு சேகரிடம் கேட்டார்.

“அடுத்த வருஷம் பிராக்டிஸை உங்க பஸ்ஸுலயே வெச்சுக்கலாமா?”

“தாராளமா வாங்க மாஸ்டர்.”

“பஸ்ஸுல ஃபேன் இருக்கா?”

“என் சீட்டாண்ட ஒண்ணு கீது மாஸ்டர்.”

“நிறுத்திடுங்க.”