தாயத்தும் மரவள்ளித் தோலும்

பகுத்தறிவைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டால் என் தாயத்துக் கதையைச் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்போடு கதையையும் முடித்துவிடுவேன். மிச்சத்தை இதுவரை சொன்னதில்லை.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்கள் பிரிக்பீல்ட்ஸில் அரிசி கிடைக்காது, துணி கிடைக்காது. தாயத்து மட்டும் தாராளமாகக் கிடைத்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லோரி வந்தால், தாயத்துக் கட்டியவன் சிப்பாயின் கண்ணுக்கே தெரியமாட்டானாம். விலை ஒரு படி அரிசி. ஊரே எலும்பும் தோலுமாக இருந்தபோது தாயத்துக்காரர் மட்டும் பெருத்துக்கொண்டே போனார்.

"பலிக்கலேன்னு இதுவரைக்கும் ஒருத்தன் வந்து குறை சொன்னதில்ல" என்பார்.

எனக்குப் பதினைந்து வயது. வாய் கொஞ்சம் நீளம். "பலிக்காதவங்கதான் சயாம்ல இருக்காங்களே, எப்படி வந்து குறை சொல்லுவாங்க?" என்று கேட்டேன். அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அரிசியைக் கொடுத்தார்.

நாலு நாள் கஞ்சி போன ஆத்திரம் எனக்கு. அப்பா தாயத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது அதன் குப்பியின் மெழுகை நோண்டித் திறந்தேன். உள்ளே மந்திரத் தகடு இல்லை, பழைய ரயில் டிக்கெட்டின் துண்டுதான் இருந்தது. அதை எடுத்துவிட்டு மரவள்ளித் தோலைச் சுருட்டி வைத்தேன். ஒரு வாரம் கழித்துச் சொல்லி அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று திட்டம்.

மூன்றாம் நாளே அப்பா போயிருந்த சந்தைக்கு லோரி வந்தது. கிழங்கே தின்று வயிறு கலங்கியிருந்த அப்பா அந்நேரம் பொதுக் கக்கூஸில் இருந்தார், தப்பினார். அம்மாவிடம் சொன்னபோது கதையில் கக்கூஸ் இருந்தது. மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் அது காணாமல் போய், "சிப்பாய் என் பக்கத்துலதான் நின்னான், அவன் கண்ணுக்கு நான் தெரியல" என்று ஆகிவிட்டது.

பிள்ளைகளுக்கு இதுவரைதான் சொல்வேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் தாயத்தை நம்பாதவர். லோரிச் சத்தம் கேட்டால் ஆற்றோரப் புதருக்கு ஓடிவிடுவார். மனைவி நிறைமாதம். அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ படிச்ச பொண்ணு, சொல்லு தங்கச்சி. வாங்கவா?"

தோல் விஷயத்தைச் சொன்னால் அப்பாவின் பெல்ட் என் முதுகில் பேசும். "எனக்கென்ன தெரியும்ணே" என்றேன்.

அடுத்த முறை லோரி வந்தபோது அண்ணன் ஓடவில்லை. கையில் தாயத்தோடு வாசலிலேயே நின்றார். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்களுக்குப் பலிச்சது, அவருக்கு மட்டும் ஏன் பலிக்கல மாமா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்போதுதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என்னை அடிக்கவில்லை. கையில் கட்டியிருந்த குப்பியைத் தடவிக்கொண்டார்.

"அப்போ அவனுக்கும் தோலை வெச்சிருக்கணும்" என்றார்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். அண்ணன் வரவில்லை. தாயத்துக்காரர் சொன்னது சரிதான். இன்றுவரை ஒருவரும் வந்து என்னிடம் குறை சொன்னதில்லை.