தங்கம் மாமியின் விசாரணை

"எட்டு, நாலு, பூஜ்யம்... அப்புறம் ஒண்ணு!"

கூடத்திலிருந்து வந்த அந்தக் குரல், சமையலறையில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்த தங்கத்தைத் தூக்கிவாரிப் போட்டது. காது மந்தமான அவள் கணவர் சாரங்கபாணி எதைச் சொன்னாலும் லோத்குண்டா பேட்டை முழுக்கக் கேட்கும்படிதான் சொல்வார். இப்போது அவர் சொல்லிக்கொண்டிருந்தது தம்முடைய ஆதார் எண்ணை!

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். சோபாவில் டையும் அடையாள அட்டையுமாக ஓர் இளைஞன். மடியிலிருந்த தாளில் பாலிசி எண், ஆதார் எண் எல்லாம் ஏறியிருந்தன.

"நமஸ்காரம் மாமி. நான் கிரி. இன்ஷூரன்ஸ் கம்பெனிலேர்ந்து வரேன்."

தமிழ்! செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தங்கத்துக்கு வாசலில் தமிழ் கேட்டால் பாதி மனசு கரைந்துவிடும். மீதிப் பாதி, பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று யோசிக்கும். மாதாப்பூருக்குப் புதிதாக வந்த சாஃப்ட்வேர் பிள்ளைகள் தொடங்கி, மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பங்கள் வரை எத்தனையோ ஜாதகங்களை அவள் சேர்த்துவைத்திருக்கிறாள். அதில் அவளுக்கு ஒரு பைசா லாபமில்லை, தாம்பூலத்தோடு சரி. ஆனால் விசாரிக்காமல் ஒரு முடிச்சும் போட்டதில்லை.

"மாமாவுக்கு அடுத்த வாரம் ஹார்ட் ஆபரேஷனாமே. பாலிசியை இன்னிக்கே சரிபார்க்கணும் மாமி. இல்லேன்னா ஆஸ்பத்திரில சேர்த்துக்கவே மாட்டாங்க."

கணவரின் ஒவ்வொரு மூச்சையும் காதில் வாங்கியபடி தூங்காமல் கிடப்பவள் தங்கம். அந்த ஆபரேஷனுக்காக அவள் வேண்டாத தெய்வமில்லை.

கிரி தன் கைபேசியில் எதையோ தட்டினான். சாரங்கபாணியின் கைபேசி சிணுங்கியது.

"ஓடிபி வந்திருக்கு மாமா, படிங்கோ."

சாரங்கபாணி மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நல்லவேளை, அது அவர் நெற்றியிலேயே இருந்ததால் கிடைக்கவில்லை.

"இருங்கோன்னா," என்று கைபேசியைத் தங்கம் வாங்கிக்கொண்டாள். பழக்கம் யாரை விட்டது? "கல்யாணம் ஆயிடுத்தா கிரி?"

"இ... இல்லே மாமி."

"பூர்வீகம்?"

"மாயவரம்."

"அங்கே எந்தத் தெரு?"

"அது... சின்ன வயசிலேயே வந்துட்டோம். மாமி, ஓடிபி கொஞ்ச நேரந்தான் இருக்கும். சீக்கிரம்!"

தங்கம் நிமிர்ந்தாள். நாளைக்கே நிச்சயம் என்று பறந்த வீடுகளில் எதையாவது ஒளிக்காத வீட்டை அவள் பார்த்ததில்லை.

"உங்க ஆபீசை ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"என் மேனேஜர் நம்பர் தரேன், அவரோட பேசுங்கோ."

"நக்கோ, வேண்டாம்! மாப்பிள்ளை குடுக்கற நம்பர்ல மாப்பிள்ளையைப் பத்தி நான் விசாரிச்சதே கிடையாது."

"யாருடி மாப்பிள்ளை?" என்று கத்தினார் சாரங்கபாணி.

பீரோவிலிருந்து இன்ஷூரன்ஸ் அட்டையை எடுத்து, அதன் பின்பக்கத்து எண்ணை அழுத்தினாள். இவன் நிஜமான கம்பெனிக்காரனாக இருந்து, கோபத்தில் பாலிசியை நிறுத்திவிட்டால்? பெருமாளே!

எதிர்முனையில் ஒரு பெண் பாலிசி எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டுத் தெலுங்கில் பேசினாள். "நாங்கள் யாரையும் அனுப்பவில்லை அம்மா. உங்கள் பாலிசியில் போன் நம்பரை மாற்ற யாரோ முயற்சி செய்கிறார்கள். ஓடிபியைச் சொன்னால் மாறிவிடும். அப்புறம் சார் பெயரில் போலி பில் போட்டு மொத்தத்தையும் கறந்துவிடுவார்கள். ஆதாரை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டிவிடுங்கள், சைபர் போலீசுக்கும் தெரிவியுங்கள்."

"எங்காத்துக்காரர் ஆபரேஷன்?" தமிழா தெலுங்கா என்று தெரியாமல் கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. "அதற்கு அனுமதி கொடுத்தாகிவிட்டது. கவலைப்படாதீர்கள்."

தங்கத்தின் கண்கள் குளமாயின. "ஹவ்மா, சரிம்மா," என்று போனை வைத்தாள்.

கிரி வாசல்வரை போய்விட்டிருந்தான்.

"அந்தத் தாளைக் குடுத்துட்டுப் போ."

கொடுத்தான். அவன் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம்.

"உன்னைப் பெத்தவளுக்கும் வயசாகும்டா. அவாத்து வாசல்லயும் ஒருத்தன் டை கட்டிண்டு வந்து நிப்பான்."

செருப்பைப் பாதி மாட்டியும் மாட்டாமலும் படிகளில் இறங்கினான்.

"ஏண்டி, மோர்கூடக் குடுக்காம அனுப்பறியே!" என்றார் சாரங்கபாணி.

தங்கம் கதவைச் சாத்தி, மேல்தாழ்ப்பாளையும் போட்டாள்.