மடித்த நுனி

சமையலறையில் ஓவன் 'டிங்' என்றது. கூடத்திலிருந்து ஓடினாள் அவள்.

"மேல் கம்பி சூடாகுது, கீழ் கம்பி ஜில்லுனு இருக்குக்கா," என்றபடி, பழுது பார்க்க வந்திருந்த மெக்கானிக் பின்தகட்டைக் கழற்றினார்.

வீட்டிலேயே கேக் செய்து விற்பவள் அவள். ஒன்றரை மாதமாக ஒரு கேக்கும் அடிப்பக்கம் வேகவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கைராசி போய்விட்டதென்று அவள் அழும்போதெல்லாம் கணவர்தான் தலையைத் தடவுவார். "போதும்மா, விட்டுடு. ஓய்வா இரு."

"ஒயர் அறுந்துபோகலக்கா. யாரோ கழட்டி, டேப் சுத்தியிருக்காங்க. திரும்பப் பிரிக்க வசதியா நுனியைக்கூட மடிச்சிருக்காங்க."

இருபது வருடமாக அந்த வீட்டில் டேப்பின் நுனியை மடித்து ஒட்டுபவர் ஒரே ஒருவர்தான். அவள் தலையைத் தடவிய அதே கை.

"ஒயரை மாட்டிடுங்க தம்பி. டேப்பை எங்கிட்ட குடுங்க."

வேலை முடிந்து மெக்கானிக் பையுடன் கூடத்தைக் கடந்தார். கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

"என்னவாம் அதுக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. உங்க கைவேலை ரொம்ப சுத்தமாம்."

டேப்பை உள்ளங்கையில் இறுக்கியபடி, மெக்கானிக்கை வழியனுப்பிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.