முக்கால் புடவை நீளம்

எஸ்தருக்குக் கோபம் வந்தால் லென்ஸைத் துடைப்பாள். எனக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒரு தொழில் நடத்துவது எப்படி என்று எங்களை இதுவரை யாரும் கேட்டதில்லை. நானாகவே சொல்லிவிடுகிறேன்.

எஸ்தர் என் மனைவி. காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்குப் படம் எடுக்கத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். லாட்ஜ், ஓட்டல், சாப்பாடு இவற்றை எடுப்பதற்கு இவள் ஒருத்திதான். வாடகைக்கு இழுபறியாகும் மாதங்களில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு காதுகுத்துக்குப் போவாள். நான் சத்யராஜ், ஆட்டோக்காரன். இப்போது என் ஆட்டோவில் சவாரி வருவதெல்லாம் விளக்கும் குடையும் ஸ்டாண்டும்தான்.

என் முக்கியமான வேலை பொங்கலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. படத்தில் பொங்கலிலிருந்து ஆவி பறக்கிறதே, அது என் கையிலிருக்கும் நீராவி இஸ்திரிப் பெட்டி விடும் ஆவி. ஒருநாள் சாம்பாருக்குப் பின்னால் குனிந்திருந்தபோது தும்மிவிட்டேன். அன்றைக்கு எஸ்தர் அரை மணி நேரம் லென்ஸைத் துடைத்தாள்.

சாப்பாட்டில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. அறைகளில்தான் அவளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. ஓரிக்கை காலனியில் ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரில் ஒருத்தியாக வளர்ந்தவள். “சின்ன ரூமப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுதுபா. கை தானா வைடு லென்ஸுக்குப் போயிடுது” என்பாள். அந்த லென்ஸைப் போட்டால் சுவர்களெல்லாம் மரியாதையாகப் பின்னால் நகர்ந்து நிற்கும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் முதலாளி வரதராஜனுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இருநூற்று மூன்றாம் நம்பர் ‘பேமிலி ரூமை’ எடுக்கப் போனபோது, “கொஞ்சம் தாராளமா காட்டும்மா” என்றார். எஸ்தர் பாத்ரூம் வாசலில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்தாள் பாருங்கள், எதிர்ச்சுவர் வாலாஜாபாத் வரைக்கும் போய் நின்றது. வரதராஜன் அதை உடனே லாட்ஜின் ஆன்லைன் புக்கிங் பக்கத்தில் போட்டார். ஓரிக்கை ரோட்டில் தான் கட்டிக்கொண்டிருந்த புது ஓட்டலின் நாற்பது அறைகளையும், எண்பது அயிட்டங்களையும் அவள்தான் எடுக்க வேண்டும் என்று வாக்கும் கொடுத்தார். அந்த ஒரு வேலை கைக்கு வந்தால் எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டுடியோக் கடை பிடித்துவிடலாம். வடக்கே பெரிய ஜன்னல் வைத்த கடை ஒன்றை எஸ்தர் பார்த்தும் வைத்துவிட்டாள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அந்த ஜன்னலைப் பார்ப்பாள்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரதராஜனின் போன் வந்தது.

“ஏம்மா எஸ்தர், கெளம்பி வா. உன் படத்தால என் மானம் போவுது.”

ஆம்பூரிலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியிருந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க இருபத்திரண்டு பேர். முகூர்த்தப் புடவையைக் கடையில் நின்று அவசரமாக எடுக்கிற வழக்கமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. பத்துப் புடவையை அறைக்கு வரவழைத்து, முழுசாக விரித்து, ஆளாளுக்குக் குறை சொல்லிச் சண்டை போட்டுத்தான் ஒன்றை எடுப்பார்கள். அதற்கு இடம் வேண்டுமே என்று படத்தைப் பார்த்து அந்த அறையைப் பிடித்திருந்தார்கள்.

நாங்கள் போனபோது பெண்ணின் அத்தை அலமு ஒரு புடவையின் நுனியை ஜன்னல் சுவரோடு வைத்து விரித்துக்கொண்டு வந்தார். தரை முடிந்துவிட்டது, புடவை முடியவில்லை. முந்தானை கதவின் மேல் ஏறித் தாழ்ப்பாளில் தொங்கியது.

“படத்துல ஓடிப் புடிச்சு வெளையாடலாம் போல இருந்துச்சு. இங்க இன்னாடான்னா பொடவ செவுரு ஏறிக்கினு இருக்குது! யாரு எடுத்த படம் இது?” என்றார் அலமு.

வரதராஜனின் விரல் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எஸ்தரைக் காட்டியது. தாராளமாகக் காட்டச் சொன்ன மகராசன் நீர்தானே ஐயா என்று கேட்க வாயைத் திறந்தேன். எஸ்தர் என் காலை மிதித்தாள்.

“நான்தாங்க எடுத்தேன். ரூமு சின்னதுதான். அந்த லென்ஸு இழுத்துக் காட்டும், தெரிஞ்சேதான் போட்டேன். தப்பு என்னுதுதான்.”

அலமு சண்டைக்குத் தயாராக இடுப்பில் சொருகிய முந்தானை சொருகியபடியே நின்றது. ஒத்துக்கொண்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

“நீ ஒத்துக்கினா எங்களுக்கு எடம் வந்துடுமா? பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குதும்மா” என்றார், குரல் தாழ்ந்துபோய்.

எஸ்தர் ஒரு நொடி யோசித்தாள். அந்த லாட்ஜின் மேசை நாற்காலியெல்லாம் அவளுக்கு அடி கணக்கில் மனப்பாடம். “கீழ டைனிங் ஹால்ல அஞ்சு டேபிள ஒட்டிப் போட்டா ஒரு பொடவ முழுசா விரியும். கெழக்கு ஜன்னல் வெளிச்சம் இப்பதான் நல்லா வரும். வாங்கம்மா.”

“டிபன் நேரம்மா!” என்று வரதராஜன் அலறினார். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. இருபத்திரண்டு பேரும் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். பாதி தோசையில் இருந்தவர்களை மூலைக்கு ஓட்டிவிட்டு, ஒரு கையில் சாம்பார் வாளியோடு நான் மேசைகளை இழுத்துப் போட்டேன். எஸ்தர் டியூப் லைட்டை எல்லாம் அணைத்தாள். மேலே அறையில் அரக்காகத் தெரிந்த புடவை ஜன்னல் வெளிச்சத்தில் கத்தரிப்பூ நிறமாக மாறி எல்லோரையும் திகைக்க வைத்தது. அதுவரை வாயே திறக்காத கல்யாணப்பெண் தீபிகா மாம்பழ நிறத்தில் ஒன்றின் மேல் கை வைத்தாள். பெரியவர்கள் சண்டை போட்டு முடித்து அதையே எடுத்தபோது மணி பத்து இருபது.

அதோடு விட்டிருந்தால் எங்கள் வேலை பிழைத்திருக்கும். எஸ்தர் என்னை வீட்டுக்கு விரட்டி அவளுடைய கல்யாணப் புடவையை எடுத்துவரச் சொன்னாள். அரக்குப் பட்டு. சவாரி சவாரியாகச் சேர்த்து நான் வாங்கிக்கொடுத்தது. ஒருநாள் கட்டியதோடு பெட்டிக்குள் போனது. அதை இருநூற்று மூன்றில் விரித்து, முந்தானை கதவேறித் தொங்க, சாதா லென்ஸில் ஒரு படம் எடுத்தாள். “சார், பழைய படத்த எடுத்துட்டு இதப் போடுங்க. முக்காப் பொடவ நீளம்னு பாக்கறவங்களுக்கே தெரிஞ்சுடும்.”

“இதப் பாத்தா எவன் வருவான்?”

“வர்றவங்க சண்ட போடாம வருவாங்க சார்.”

படம் மாறினால்தான் வண்டி ஏறுவேன் என்று அலமு வாசலில் உட்கார்ந்துவிட்டார். வரதராஜன் மாற்றினார். மாற்றிவிட்டு, “என் புது ஓட்டல் பக்கம் தலவெச்சுப் படுக்காத” என்றும் சொன்னார்.

ஆட்டோவில் வரும்போது எஸ்தர் விம்மி விம்மி அழுதாள். “ஜன்னல் போச்சுபா” என்றாள். ரங்கசாமி குளம் வரைக்கும் நான் வரதராஜனின் ஏழு தலைமுறையையும் சத்தமாக விசாரித்துக்கொண்டே வந்தேன்.

பதினைந்து நாள் கழித்து அலமு போன் செய்தார். “போட்டோக்காரம்மா, கல்யாணத்துக்குக் குடியாத்தத்துல மண்டபம் பாத்துருக்கோம். படத்துல ஏரி மாதிரி இருக்குது. எனக்கு நம்பிக்க இல்ல. அந்தப் பொடவைய எடுத்துக்கினு போயி விரிச்சு ஒரு படம் அனுப்புமா.”

போனோம். பந்திக் கூடம் நாலரைப் புடவை நீளம், மேடை ஒன்றரை. அந்த மண்டபக்காரரே படத்தைப் பார்த்துச் சொக்கிப்போய் மொத்த மண்டபத்தையும் எடுக்கச் சொன்னார். அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி இன்னும் இரண்டு பேர். “பொடவ போட்டு எடுக்கறவங்களா?” என்று வேலூரிலிருந்தெல்லாம் போன் வர ஆரம்பித்தது. மனைவி கட்டிக்கொள்ள நான் வாங்கிய புடவையை ஊரிலுள்ள லாட்ஜெல்லாம் கட்டிக்கொள்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

கார்த்திகையில் வரதராஜனே வீடு தேடி வந்தார். “வர்றவன்லாம் பொடவ படம் எங்கன்னு கேக்கறான்மா. நாப்பது ரூமுலயும் அதப் போட்டு எடுத்துடு” என்றார் உத்தரத்தைப் பார்த்தபடி. அவருக்கென்று நாலு வார்த்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன். எஸ்தர் மறுபடியும் காலை மிதித்தாள்.

கடை பிடித்தாயிற்று, வடக்கு ஜன்னலோடு. திறப்பதற்கு முந்தின ஞாயிறு, சர்ச் முடிந்ததும் ஓரிக்கைக்கு விடச் சொன்னாள். தான் வளர்ந்த அந்த ஒற்றை அறை வீட்டை அவள் ஒருநாளும் படம் எடுத்ததில்லை. கூச்சம். கல்யாணமான புதிதில் என்னையே வாசலோடு திருப்பி அனுப்பப் பார்த்தவள். அன்றைக்கு வைடு லென்ஸை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். கட்டில் மேல் பாத்திரங்களை ஏற்றி வைத்துவிட்டுப் புடவையைத் தரையில் விரித்தாள். சரியாகப் பாதியில் சுவர் வந்துவிட்டது. மீதிப் பாதியை மடித்துத் திருப்பிவிட்டாள்.

என் மாமியார் மரியம்மாள் மடிப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “இன்னாடி இது? இந்த ரூம எவன்டி வந்து புக் பண்ணுவான்?” என்றார்.

“யாரும் பண்ண முடியாதும்மா. அஞ்சு பேரு இருவது வருசமா தங்கிட்டோம்” என்றாள் எஸ்தர்.

மாமியார் சிரித்துவிட்டார். எஸ்தர் அப்போதுதான் எடுத்தாள். கடையில் நான் ஆணியடித்து மாட்டிய முதல் படம் அதுதான். எத்தனையடி ரூம் இது என்று வருகிறவர்கள் கேட்டால், அரைப் புடவை என்று எஸ்தரே முந்திக்கொண்டு சொல்கிறாள்.